என் திக்குவாயைக் கொண்டுபோனவருக்கு

அச்சு மை காயாத நோட்டீஸ் ஒன்றைத் தறிக்குழியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவுக்குப் போட்ட கஞ்சியின் வாடையையும் மீறி அந்த மை வாடை அறைக்குள் நிற்கிறது. நோட்டீஸில் உம்முடைய படம். எத்தனையோ வேஷம் கட்டியவர் நீர். போலீஸ்காரராக, கிழவியாக, சாமியாராக, ஜமீன்தாராக இருக்கும் படங்களெல்லாம் கிடைத்திருக்கும். இவர்கள் தேடிப் பிடித்துப் போட்டிருப்பது அந்தக் கல்யாணத் தரகர் வேஷத்தைத்தான். வாய் பாதி திறந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு கண் மேலே செருகி, சொல் வெளியே வராமல் முட்டிக்கொண்டு நிற்கும் முகம். அது உம்முடைய முகம் இல்லை வே. என்னுடையது.

மஞ்சள் காமாலையில் நீர் சென்னையில் போய்ச் சேர்ந்துவிட்டீர் என்று பேப்பரில் வந்தது. முப்பதைத் தாண்டியதும் போய்விட்டீர். ஊரில் இரங்கல் கூட்டம் போடுகிறார்களாம். அதற்காக வாலிபர்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள்.

“அண்ணாச்சி, நீங்க அவுககூட சின்ன வயசுலேருந்து பழகுனவுக. மேடையில வந்து ரெண்டு வார்த்த பேசணும்” என்றான் அவர்களில் ஒருவன்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

“ரொம்ப வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தரகர் பேசுவாருல்லா, அதே மாதிரி பேசுனாப் போதும். ஒங்களுக்கு அது அச்சு அசலா வரும்னு எங்க அப்பா சொல்லுதாக.”

அவன் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். அந்தப் பிள்ளையின் கணக்கில் நீர் அசல், நான் உம்மைப் பார்த்துப் படித்தவன். தறி நாடாவை இழுத்து நெய்ய ஆரம்பித்தேன். தறிச் சத்தத்தில் அவனால் மேற்கொண்டு பேச முடியவில்லை, நோட்டீஸை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. தறிக்குழியை விட்டு ஏறி, காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் எனக்குத் திக்கு கிடையாது. யாரும் குறுக்கே புகுந்து என் வாக்கியத்தை முடித்துவைக்கவும் முடியாது. உம்மாலும் முடியாது.

இறந்துபோனவருக்கு எழுதும் மடலில் நல்லதாக நாலு சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நல்லதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்.

நம் ஊருக்குச் சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் நாடகக் கம்பெனி ஒன்று வந்து கொட்டகை போட்டபோது நமக்குப் பத்து வயது இருக்கும். யுத்தம் தொடங்கிய சமயம். உம்முடைய அம்மா சங்கரன்கோவில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அப்பா இல்லை. எங்கள் வீடும் உங்கள் வீடும் ஒரே சுவர். உம்முடைய அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். நாடகக் கம்பெனியில் சேர்ந்தால் பையனுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு பெரியம்மா உம்மைக் கொண்டுபோய் விட்டார். நீர் இல்லாமல் இருக்கமாட்டேன் என்று நான் தெருவில் புரண்டு அழுததால் என்னையும் கூடவே அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இன்னொரு ஆசையும் இருந்தது. கோயில் புற்றுமண்ணை நாக்கில் தடவித் தடவியும் போகாத திக்கு, வசனம் பேசிப் பேசியாவது போய்விடாதா என்று பார்த்தார்கள்.

அவர்கள் ஆசை பாதி பலித்தது. வாத்தியார் கொடுத்த வசனத்தை மேடையில் நான் தடங்கலில்லாமல் பேசினேன். பாட்டிலும் தடங்கல் வராது. சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லப் போனால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தாகம் போய்விடும். கம்பெனிப் பையன்கள் சுற்றி நின்றுகொண்டு கொக்கரிப்பார்கள். அப்போதெல்லாம் நீர் ஓடி வருவீர். ஒருவன் மூக்கை நீர் உடைத்துவிட்டு, அதற்காக வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியதை நான் மறக்கவில்லை. அடி வாங்கிய கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தீர்.

“ஏலே, பேசாத. பாடு. பாட்டுல எவனுக்கும் திக்காது. சோறு வேணும்னாலும் பாடிக் கேளு.”

நான் ஏதோ ஒரு மெட்டில் சோறு கேட்டேன். சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார், ஆனால் சோறு வந்தது. அதன்பிறகு அவசரமென்றால் பாடிவிடுவேன். அந்த வித்தையைக் கொடுத்தவர் நீர்தான். நல்லதாக நாலு இல்லாவிட்டாலும் இந்த ஒன்று பெரியது, ஒத்துக்கொள்கிறேன்.

கம்பெனியில் பாடம் நடக்கும் முறை உமக்கு ரத்தத்தில் ஊறியது. புத்தகமெல்லாம் கிடையாது. வாத்தியார் ஒரு வரி சொல்வார், நாம் அதை அப்படியே பின்னாலேயே சொல்ல வேண்டும். பின்சொல் என்பார்கள் அதற்கு. அவர் நிறுத்தும்வரை காத்திருந்தால் அடி. இது என்ன வார்த்தை, என்ன பொருள் என்று கேட்டால் அதற்கு இரண்டு மடங்கு அடி.

“மொதல்ல வாய்க்குள்ள போகட்டும்ல. அர்த்தம் பொறவு வரும்” என்பார்.

பின்சொல்லில் உம்மை மிஞ்ச ஆள் கிடையாது. வாத்தியார் வரியை முடிக்கிற அதே நேரத்தில் உம்முடைய வாயும் அதை முடித்திருக்கும். போகப்போக அது உமக்குப் பழக்கமாகி, வியாதி போலவே ஆகிவிட்டது. சந்தையில் எவனோ கத்தரிக்காய்க்கு விலை சொன்னால் அரை மூச்சு பின்னால் நீரும் அதே குரலில் விலை சொல்வீர். ஊருக்கு ஊர் கம்பெனி போகும், ஊருக்கு ஊர் நீர் ஆட்களைப் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொள்வீர்.

அப்போது உமக்கு ஸ்திரீபார்ட். புடவையும் கொண்டையுமாக நீர் வந்து நின்று பாடினால் முன்வரிசைப் பெண்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மீசை அரும்பும் வயதில் உமக்கு மகரக்கட்டு வந்தது. பாதிப் பாட்டில் குரல் உடைந்து காக்கை கரைகிற மாதிரி ஆயிற்று. குரல் போன ஸ்திரீபார்ட்டைக் கம்பெனியில் எவன் மதிப்பான்? சமையல்கட்டில் தேங்காய் துருவ விட்டார்கள். தினமும் துருவிக்கொண்டே அழுவீர். பக்கத்தில் உட்கார்ந்து உமக்குப் பாடிக் காட்டினவன் நான்.

பிறகு ஒருநாள் பபூன் வேஷக்காரர் காய்ச்சலில் விழுந்தார். ஆளில்லாமல் உம்மை மேடையில் தள்ளினார்கள். பழைய ஸ்திரீபார்ட் பாட்டையே எடுத்தீர். பாதி வரி பெண் குரலில் வந்தது, மீதி காக்கைக் குரலில். அடுத்த வரியை நம் ஊர் ஹெட் கான்ஸ்டபிள் பேசுவதுபோலப் பேசினீர், அதற்கடுத்ததைக் கீரைக்காரி போல. கொட்டகை உருண்டு புரண்டு சிரித்தது. உடைந்த குரலை வைத்தே பிழைக்கலாம் என்று அன்று கண்டுகொண்டீர். அதற்காக உம்மை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். அழுகையை அப்படித் திருப்பிப்போட எல்லாராலும் முடியாது.

எல்லா வேஷமும் பொருந்தும் நடிகர் என்று பிறகு பத்திரிகைகள் உம்மைப் புகழ்ந்தன. நீர் புதிதாக உண்டாக்கிய ஆள் ஒருவர்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் நம் ஊரார். அந்த ஹெட் கான்ஸ்டபிள் தன்னைப் படத்தில் பார்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். கீரைக்காரி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. கான்ஸ்டபிள் சட்டையைக் கழற்றினால் வேறு மனுஷன், கீரைக்கூடையை இறக்கினால் அவளும் வேறு. நான் எதைக் கழற்றி வைப்பது?

கம்பெனி கலைந்ததும் நீர் சென்னைக்கு ரயிலேறினீர். நான் ஊருக்கு வந்து தறியில் உட்கார்ந்தேன். தறிக்கு வாய் வேண்டாம். ஊரும் அப்போது என்னிடம் நன்றாகவே நடந்துகொண்டது. கடையில் போய் நின்று நான் ஒரு சாமான் கேட்க ஆரம்பித்தால், செட்டியார் இன்னொருவருக்கு எடை போட்டுக்கொண்டே காத்திருப்பார். டீக்கடையில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல் வந்து விழுந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் பதில் சொல்வார்கள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போது எனக்குத் தெரியாது. அது போன பிறகுதான் தெரிந்தது.

உம்முடைய படம் நம் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. பெரியம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஆட்டம். மணலைக் கூட்டி மேடாக்கி அவரை உட்காரவைத்தேன். நீர் கல்யாணத் தரகராகக் குடையும் பையுமாகத் திரையில் வந்தபோது நான் மற்றவர்களுக்கு முன்னால் கை தட்டினேன். நீர் வாயைத் திறந்தீர்.

அது என் திக்கு. ஏதோ ஒரு திக்குவாய்க்காரனுடையது இல்லை. ‘க’ வரும்போது இடது தோள் மேலே போவது, ‘ப’ வரும்போது இமையை இறுக்கி மூடுவது, சொல் வந்து விழுந்த பிறகு அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பு, எல்லாமே நான். கம்பெனியில் மற்ற பையன்கள் கொக்கரித்தபோது நீர் மட்டும் பொறுமையாக என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர். நட்பு என்று நினைத்திருந்தேன். நீர் படித்துக்கொண்டிருந்திருக்கிறீர். கொட்டகை முழுக்கச் சிரித்தது. முன்னால் இருந்தவர்கள் இருட்டில் திரும்பி என்னைத் தேடிப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் ஒன்னையல்லா பேசுதான்” என்றார்.

அடுத்த நாளிலிருந்து ஊர் எனக்காகக் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டது. நான் வாயைத் திறந்ததும் சிரிப்பு ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் பின்னாலேயே வந்து தரகர் வசனத்தைச் சொல்லும். செட்டியார் நல்ல மனுஷர், அவரே ஒருநாள் அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சீக்கு என்று சொன்னாலும் சிரித்தார்கள், நூல் வரவில்லை என்று சொன்னாலும் சிரித்தார்கள். நான் என்ன சொல்கிறேன் என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஒரு மனுஷன் சொல்லுவதை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றால் அவன் உயிரோடு இருந்து என்ன செய்ய? இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நீர் நினைத்தால், பனவடலிசத்திரத்தில் நடந்ததைக் கேளும்.

அங்கே எனக்குப் பெண் பார்க்கப் போனோம். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடு, நல்ல குடும்பம். என் திக்கைப் பற்றி அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா என்னிடம் தொழில் எப்படி என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் உள்ளே கதவு மறைவில் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்திருப்பாள். அவருடைய முகம் சிவந்துபோயிற்று.

“நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சினிமாக்காரன் மாதிரி பேசிக் காட்டுதீரே, எங்க வீட்டுப் பொண்ணு ஒமக்கு நக்கலாப் போச்சா?”

நான் நக்கல் செய்யவில்லை, இதுதான் என் வாய் என்று சொல்ல முயன்றேன். முயலமுயல அது இன்னும் உம்மைப் போலவே வந்தது. அந்த ‘ப’வுக்கு இமை மூடியதும் அவர் எழுந்து போய்விட்டார். பாட்டாகப் பாடியிருந்தால் அடித்தே விரட்டியிருப்பார்கள். அன்றுதான் உம்மைப் பழி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படி என்று தெரியவில்லை. ஆனால் நினைப்பு மட்டும் தறியோடு தறியாக ஓடிக்கொண்டே இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீர் ஊருக்கு வந்தீர். பெரியம்மா உம்மிடம் நேருக்கு நேர் சொன்னார்.

“அந்தப் பய வாய அவன்கிட்டயே குடுத்துருப்பா. ஒனக்கு வேற ஆளா கெடைக்கல?”

நீர் சிரித்தீர். சில்க் ஜிப்பாவும் செண்ட் வாசமுமாக என் தோளில் கையைப் போட்டுத் தெருவுக்குக் கூட்டி வந்தீர். நான் பாடித்தான் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருக்க, வெட்கத்தை விட்டு, இனி அந்த வேஷம் வேண்டாம் என்று மெட்டுப் போட்டுக் கேட்டேன்.

“ஒம்ம உலகம் பூரா பேச வச்சிருக்கேன் வே” என்றீர். “இந்தத் திக்குக்கு இம்புட்டுக் கைதட்டலு ஒம்மால வாங்கியிருக்க முடியுமா? இன்னும் மூணு படத்துல கேட்டிருக்கான்.”

அந்த மூன்று படத்திலும் நடித்தீர். பெரியம்மாவுக்கு நீர் ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊர் சொல்லும். புடவை வரும், பழக்கூடை வரும். நீர் வரமாட்டீர். பூக்கட்டிக் கட்டி விரல் வளைந்துபோன அந்தக் கிழவிக்குத் தலை வலித்தால் சுக்கு உரைத்துக் கொடுத்தவன் நான். நான் பேசி முடிக்கும்வரை சிரிக்காமல் காத்திருந்த ஆள் கடைசியில் அவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார்.

அவர் போனது ஒரு விடியற்காலையில். தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த வாரம் கோவில்பட்டியில் உம்முடைய நாடகம் நடந்துகொண்டிருந்தது. அன்று மதியம் இளையரசனேந்தலில் ஒரு பெரிய வீட்டில் உமக்கு விருந்து என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெற்ற மகனுக்கு நேரில் போய்த் துட்டி, அதாவது சாவுச் சேதி, சொல்ல வேண்டும். நான் எழுந்தேன்.

“ஒனக்கு வாய் வராதேப்பா. கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போ” என்றார் பக்கத்து வீட்டு மாமா.

நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். கேட்டுக்கொள்ளும், அந்த நேரத்தில் என் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து துட்டிக்கு மெட்டுப் போட்டுக்கொண்டே போனேன். ஒப்பாரி மெட்டில், ஊர்ப் பெண்கள் பாடுகிற மாதிரி. உம்மை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் காதோடு பாடிவிடலாம் என்று இருந்தேன். வெளியே கரிசலில் பருத்தி நின்றது. நானும் அழுதுகொண்டுதான் போனேன்.

அந்த வீட்டு வாசலில் கார்கள் நின்றன. வெளிக்கதவைத் தாண்டும்போதே உள்ளிருந்து என் குரல் கேட்டது. கையில் இலையோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே நீர் விருந்துக்காரர்களுக்கு என்னைப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தீர். பனவடலிசத்திரத்துக் கதையை, வே. நான் பெண் பார்க்கப் போய் விரட்டப்பட்ட கதையை. ஊரில் எவனோ உம்மிடம் சொல்லியிருக்கிறான், நீர் அதையும் ஒரு வேடிக்கையாக ஆக்கிவிட்டீர். பெண்ணின் அப்பா குரல், கதவு மறைவில் சிரிப்பு, நடுவில் நான்.

வாசலிலேயே நின்றேன். போட்டு வைத்த மெட்டு அப்படியே தொண்டைக்குள் இறங்கிப் போய்விட்டது. போனால் போகட்டும் என்று விட்டேன். பாடப்போவதில்லை, பேசப்போகிறேன் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

நீர் என்னைப் பார்த்துவிட்டீர்.

“அடடே, வாரும் வே, வாரும். பாருங்க, ஒரிஜினலே வந்து நிக்காரு. இவருகிட்டதான் நான் படிச்சது” என்று கையைப் பிடித்து நடுக்கூடத்துக்கு இழுத்தீர். “ஒரு வார்த்த பேசும் வே. அண்ணாச்சிமாரு கேக்கட்டும்.”

நான் பேசினேன்.

“பெ... பெ... பெரியம்மா...”

“பெ... பெ... பெரியம்மா” என்றீர் அரை மூச்சு பின்னால். தோள் ஏறியது, இமை மூடியது. கூடம் சிரித்தது.

“கா... கா... காலைல...”

“கா... கா... காலைல...” நீர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே செருகினீர். அந்த வீட்டுப் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“செ... செ...”

அங்கே எனக்கு நன்றாகவே அடைத்துக்கொண்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை, அந்தச் சொல் வரவில்லை. உமக்கோ என் சொல் எங்கே போகிறது என்பது எப்போதும் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். கூட்டத்தின் சிரிப்பை விட்டுவிட உமக்கு மனமில்லை.

“செ... செ... செத்துப்போயிட்டாக” என்று நீரே முடித்தீர். கையை விரித்து, அந்த அசட்டுச் சிரிப்பையும் கடைசியில் சேர்த்து.

துட்டி சொன்னது நான் இல்லை. உம் வாய்தான் சொன்னது, என் திக்கில், உம்முடைய தாயாருக்கு. நல்ல சிரிப்பு. உமக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்திருக்காது. ஒருவர் கண்ணில் வந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தார். நான் அசையாமல் உம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் போன பிறகு அர்த்தம் வந்தது. விரித்த கை விரித்தபடியே நின்றது, சிரித்த வாய் மூடவில்லை. அவர்களெல்லாம் அதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

“என்ன வே சொன்னீரு?” என்று கேட்டீர்.

நான் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லையே.

காரில் நம் ஊர் வரும்வரை நீர் அழுதீர். துண்டை வாயில் திணித்துக்கொண்டு, டிரைவருக்குக் கேட்காமல் அழுதீர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். உதடு எப்படிக் கோணுகிறது, மூச்சு எங்கே இடறுகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன், அந்த நாளில் நீர் என் வாயைப் பார்த்ததைப் போல. எனக்கு வயிறு குளிர்ந்தது. பெரியம்மாவுக்காக அழுத கண்ணும் குளிர்ந்த வயிறும் ஒரே உடம்பில் இருந்தன. அவர் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார் என்று யாராவது சொல்லலாம். திட்டியிருக்கட்டும். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் திட்டியிருப்பார்.

விஷயம் வெளியே தெரிய நாளாகவில்லை. ஊர் என்னை ஏசியது. பெற்றவள் சாவை விளையாட்டாக்கிவிட்டான் என்று என்னைத்தான் சொன்னார்கள், உம்மை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நீர் திக்கி நடித்த படம் ஒன்றுகூட வரவில்லை. தரகர் வேஷத்தையே மறுபடியும் கேட்டுப் படமுதலாளிகள் வீடு தேடி வந்தார்களாம், நீர் முகத்திலடித்த மாதிரி மறுத்துவிட்டீராம். குடிகாரன், கஞ்சன், வைத்தியர் என்று எத்தனையோ ஆட்களாக வந்தீர். திக்குவாய்க்காரனாக மட்டும் வரவில்லை. பழைய படங்கள் ஓடி ஓய்ந்தன. செட்டியார் மறுபடியும் எடை போட்டுக்கொண்டே காத்திருக்கப் பழகினார். குருவிகுளம் பக்கத்திலிருந்து எனக்கு ஒருத்தி வாய்த்தாள். அந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருப்பாள், முடித்ததும் பதில் சொல்வாள். இதெல்லாம் நீர் மனமுவந்து திருப்பிக் கொடுத்தது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் பிடுங்கிக்கொண்டது.

கருமாதி முடிந்து நீர் சென்னைக்குப் புறப்பட்ட அன்று நடந்ததை எழுதி இதை முடிக்கிறேன். அதை நீர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டீர், நானும் சொன்னதில்லை. மொட்டைத் தலையோடு இதே அறை வாசலில் வந்து நின்றீர். நான் நெய்துகொண்டிருந்தேன். தறி நிற்கும்வரை காத்திருந்தீர். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்காக நீர் காத்திருந்தது அன்றுதான்.

“பாடியிருக்கலாம்லா வே” என்றீர். “பாட்டுல ஒமக்குத் திக்காதே. நான்தானே சொல்லிக்குடுத்தேன்.”

நான் நாடாவைக் கீழே வைத்தேன்.

“வேணும்னுதான் பேசுனீரா?”

“ஆமா” என்றேன்.

தடங்கலில்லாமல் வந்து விழுந்தது வே. வசனம் இல்லை, பாட்டு இல்லை, எவரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. என் சொந்தச் சொல், முழுசாக. நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டோம். நீர் பழக்கதோஷத்தில் பின்னாலேயே சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனீர். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, திக்காமல் நான் சொந்தமாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீர் செத்துப்போய்விட்டீர் என்பதற்காக அதை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதில்லை.